புக்ல இப்படி இல்ல

சுவாமிநாதனோடு சினிமாவுக்குப் போவதைப் போல ஒரு தண்டனை கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக அனுபவிக்கிறவன் சொல்கிறேன். சாதாரணப் படமென்றால் பரவாயில்லை, பாப்கார்னைக் காலி பண்ணிவிட்டுப் பாதியில் தூங்கிவிடுவான். ஏதாவது நாவலை வைத்து எடுத்த படமாக இருந்தால் போச்சு. ஒரு மாதம் முன்பே அந்தப் புத்தகத்தை எங்கிருந்தாவது வரவழைத்து, ஏற்கெனவே படித்ததாக இருந்தாலும் இன்னொரு தடவை படித்துவிட்டுத்தான் டிக்கெட் எடுப்பான். தமிழோ இங்கிலீஷோ, அதில் அவனுக்குப் பேதம் இல்லை. படம் ஓடும்போது வாயைத் திறக்க மாட்டான், அந்த மட்டும் நாகரிகம் உண்டு. விளக்கைப் போட்டதும் ஆரம்பித்துவிடுவான்.

"புக்ல இப்படி இல்ல, மூர்த்தி."

புத்தகத்தில் கடிதத்தைக் கிழிப்பாள், படத்தில் எரிக்கிறாள். புத்தகத்தில் அண்ணன் ஒருத்தன் உண்டு, அவனையே காணோம். கல்யாணம் நடக்கிற அன்றைக்கு மழையே கிடையாது, இவர்கள் எதற்கு மழை விட்டார்கள்? தியேட்டரிலிருந்து வீடு வந்து சேருகிறவரை இதே பாட்டு. நீ படம் பார்க்க வந்தாயா, பரீட்சைப் பேப்பர் திருத்த வந்தாயா என்று எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். அவனுக்குக் கோபமே வராது. தப்பு என்றால் தப்பு என்று சொல்ல வேண்டாமா என்பான். பார்க்கிற வேலையும் அதுதான். மன்ஹாட்டனில் ஒரு பேங்கில் கான்ட்ராக்டில் சாப்ட்வேர் டெஸ்டிங். எதிர்பார்த்தது ஒன்று, வந்தது ஒன்று என்று எழுதிக் கொடுத்தே முடி நரைத்தவன்.

சென்னை பெரம்பூரில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன் அவன். நான் உடுமலைப்பேட்டைக்காரன். அதே பேங்கில் வேறு மாடி. குடியிருப்பு ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஜர்னல் ஸ்கொயரில், ஒரே கட்டடம். அவன் ஐந்தாம் மாடி, நான் மூன்றாம் மாடி. காலையில் ஒரே ரயிலைப் பிடித்து, சாயங்காலம் ஒரே ரயிலில் நின்றுகொண்டே திரும்புவோம். என்னைவிட அவனை அதிகம் பார்த்தவர்கள் இந்த நாட்டில் யாரும் இல்லை, அவன் மகள் தீக்ஷாவைத் தவிர.

தீக்ஷாவின் அம்மா ஜலஜா. தாவரவியல் படித்தவள், கல்யாணத்துக்கு முன் திருச்சியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். இங்கே கணவனை அண்டிய விசாவில் வந்ததால் வேலைக்குப் போகக் கூடாது. ஏழு வருஷம் அந்த ஐந்தாம் மாடி ஜன்னலிலிருந்து ரயில் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டு இருந்தாள். ஒரு கட்டத்தில் பேச்சே குறைந்துவிட்டது. கூப்பிட்டால் திரும்புவாள், அவ்வளவுதான். பழைய கல்லூரியிலேயே இடம் காலியாக இருக்கிறது என்று தெரிந்ததும் ஊருக்குப் போகலாம் என்றாள். இவன் வர மாட்டேன் என்றான். குழந்தையை அனுப்பவும் மாட்டேன் என்றான். ஒரு ஜூன் மாதம் அவள் மட்டும் போனாள். தீக்ஷாவுக்கு அப்போது ஐந்து வயது.

அவள் போனது பெரிய விஷயம் இல்லை. அதாவது, பெரிய விஷயம்தான், ஆனால் அதைவிடப் பெரிய விஷயம் அடுத்த பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது. சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். சுவாமிநாதன் போன் பண்ணி, கொஞ்சம் மேலே வா என்றான். போனேன். அவன் வீட்டு வாசலில் ஜலஜா நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பெட்டி, கையில் ஒரு துணிக்கடைப் பை. இந்த ஊர்ப் பனிக்குத் தாங்காத ஒரு ஸ்வெட்டர். சொல்லாமல் கொள்ளாமல் வந்திறங்கியிருக்கிறாள். இவன் கதவைப் பாதி திறந்து அந்தப் பாதியை உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றான்.

"குழந்தை தூங்குறா. நீ போ."

இந்த வசனத்தை நான் ஏற்கெனவே படித்திருந்தேன்.

'44/பி' என்று ஒரு நாவல். ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயரான ஒருவர் எழுதியது. வாழ்க்கையில் அவர் எழுதிய ஒரே புத்தகம். பெண்டாட்டி விட்டுப் போன ஒரு ரயில்வேக்காரர், அந்த நம்பர் போட்ட குவார்ட்டர்ஸில் தனியாக மகளை வளர்க்கிற கதை. சுவாமிநாதனுக்குப் பைபிள் மாதிரி. காக்கி அட்டை போட்டு வைத்திருப்பான். என்னையும் விடாமல் நச்சரித்துப் படிக்க வைத்தான். அதில் பத்தொன்பதாம் அத்தியாயத்தில் அந்த அம்மா ஒரு மத்தியானம் பாசஞ்சர் வண்டியில் திரும்பி வருவாள். குழந்தையை ஒரு தடவை பார்க்கிறேன் என்பாள். அவர் கதவை மறித்துக்கொண்டு, குழந்தை தூங்குறா, நீ போ என்பார். அவள் அடுத்த வண்டியில் போய்விடுவாள். அதைப் படித்துவிட்டு, என்ன மனுஷன்யா இவன் என்று அந்தப் பாத்திரத்தைத் திட்டியது வேறு யாரும் இல்லை, சுவாமிநாதனேதான்.

எழுந்திருக்கிறவரை இங்கேயே நிற்கிறேன் என்றாள் ஜலஜா. குரல் உயரவே இல்லை. அவன் என்னைப் பார்த்து, ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்துவிடு என்றான். தொட்டதற்கெல்லாம் அவனிடம் கத்துகிற நான் அன்றைக்குக் கத்தியிருக்க வேண்டும். அவனைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்திருக்க வேண்டும். செய்யவில்லை. "வாங்க ஜலஜா, இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்று சொல்லி அவள் பெட்டியை நான்தான் லிஃப்டுக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

காரில் குழந்தைக்கு முதல் நாள் ராத்திரியிலிருந்து காய்ச்சல் என்று சொன்னேன். மருந்து யார் கொடுத்தது என்று கேட்டாள். சுவாமிதான் என்றேன். எவ்வளவு கொடுத்தார் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. இறங்கும்போது அந்தப் பையை என்னிடம் கொடுத்தாள். உள்ளே வாடாமல்லி நிறத்தில் ஒரு பட்டுப்பாவாடை. அடுத்த தீபாவளிக்குத் தீக்ஷா அதைக் கட்டிக்கொண்டாள். ஊரிலிருந்து தானே சொல்லி வரவழைத்ததாக அவளிடம் சொல்லியிருந்தான். நானும் பக்கத்தில் இருந்தேன். பாவாடை நன்றாக இருக்கிறது என்றேன்.

ஜலஜா கோர்ட்டுக்கெல்லாம் போகவில்லை. தெம்பு இல்லை. ஒரு வருஷம் போல போன் பண்ணினாள். குழந்தை வெளியே போயிருக்கிறாள், நீச்சலுக்குப் போயிருக்கிறாள் என்று ஏதாவது சொல்லுவான். பிறகு போனும் நின்றுவிட்டது. நான் மட்டும் அவனுக்குத் தெரியாமல் புது வருஷத்துக்கு ஒரு வாழ்த்து அனுப்புவேன். தீக்ஷா நல்லா இருக்காளா அண்ணா என்று பதில் வரும். நல்லா இருக்கா என்று போடுவேன். கடைசி இரண்டு வருஷமாக அந்தப் பதிலும் இல்லை. அவளுக்கும் சலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

தீக்ஷாவுக்கு '44/பி'யைப் படித்துக் காட்ட ஆரம்பித்தது அந்தப் பிப்ரவரிக்குப் பிறகுதான். சனிக்கிழமை நீச்சல் வகுப்புக்கு அரை மணி நேரம் முன்னாலேயே போய், காரை நிறுத்திவிட்டு, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு வாரம் ஓர் அத்தியாயம். அப்பா மட்டும் இருக்கிற வீட்டுக் கதை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒரு சனிக்கிழமை நானும் பின் சீட்டில் இருந்தேன். போன வாரம் பதினெட்டு முடிந்தது என்று தீக்ஷா சொன்னாள். அவன் புத்தகத்தைத் திறந்து, பத்துப் பதினோரு பக்கத்தை ஒரே தள்ளாகத் தள்ளி, இருபதாம் அத்தியாயத்தைப் பத்தொன்பது என்று சொல்லி வாசித்தான். கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திங்கட்கிழமை ரயிலில் கேட்டேன். எவனோ ஒருவன் கதையில் மழையைச் சேர்த்தால் குதிக்கிறாய், நீ ஒரு அத்தியாயத்தையே தூக்கிவிட்டாயே என்றேன். அது அவளுக்குத் தேவையில்லை என்றான். கம்பியைப் பிடித்துக்கொண்டு நெட்டுக்குத்தாக நின்றான்.

இன்னொன்றும் இருக்கிறது. தீக்ஷா ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். எட்டு வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள். கடைத்தெருவில் ஒரு மெஸ்ஸின் தமிழ் போர்டை முழுதாக வாசித்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த மாதமே பள்ளியை நிறுத்திவிட்டான். நீச்சல் போட்டிக்கு நேரம் இடிக்கிறதாம். புத்தகப் புழுவுக்குப் பிறந்த பெண்ணைத் தமிழ் படிக்காமல் பண்ணுகிறாயே, உனக்கு மூளை கலங்கிவிட்டதா என்று அவன் வீட்டில் போய்க் கத்தினேன். கத்தி முடித்துப் படி இறங்கும்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. எழுத்துக் கூட்டுகிறவள் நாளைக்கு அந்தக் காக்கி அட்டையையும் திறப்பாள். திரும்ப மேலே போய்க் கேட்கவில்லை.

இப்படியாகத் தீக்ஷா வளர்ந்தாள். தமிழ் நன்றாகப் புரியும், பதில் இங்கிலீஷில் வரும், கற்றதும் மறந்துபோய் ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் புத்தகம் மொத்தமும் மனப்பாடம், ஓர் அத்தியாயம் குறைச்சலாக. காலேஜுக்கு விண்ணப்பிக்கும்போது அதைப் பற்றித்தான் கட்டுரை எழுதினாள். போன அம்மா ஒரு தடவைகூடத் திரும்பி வராத கதை, அப்பா போகாத கதை என்று. பதினாறு வயதில் ஒரு தடவை நான் அவள் அம்மா பேச்சை எடுத்தேன். வராதவர்களை நான் எதற்குத் தேட வேண்டும் என்று கேட்டாள். அவளுக்கு அப்பா போதும். அந்தப் 'போதும்' எதன் மேல் நிற்கிறது என்று தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் மூன்று பேர். ஒருத்தி திருச்சியில் இருந்தாள். மற்ற இரண்டு பேரும் ஒரே ரயிலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

போன வருஷம் '44/பி'யைப் படமாக எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. பாஸ்டனில் வேலை பார்க்கிற தீக்ஷாதான் முதலில் எனக்கு அனுப்பினாள். நம்ம புக், அங்கிள் என்று. படம் இங்கே வருகிற வாரம் எடிசன் பக்கத்துத் தியேட்டரில் சனிக்கிழமை இரண்டு மணி ஆட்டத்துக்கு அவளே மூன்று டிக்கெட் எடுத்துவிட்டாள்.

சுவாமிநாதன் இந்தத் தடவை புத்தகத்தை எடுக்கவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவை. சாப்பிட்டான், ரயில் ஏறினான், வேலை பார்த்தான். ஆள் மரத்துப்போன மாதிரி இருந்தான். வியாழக்கிழமை ரயிலில் பக்கத்தில் நின்று, படம் சொல்வதற்கு முன்னால் நீ சொல்லிவிடு என்றேன். போன் பண்ணியாவது சொல்லித் தொலை என்றேன். தெரிந்தால் அவள் அப்புறம் வீட்டுக்கே வர மாட்டாள் என்றான். அதைச் சொல்லும்போதுகூட முகத்தில் ஒன்றும் இல்லை, நாளைக்கு மழை என்கிற மாதிரி சொன்னான்.

"அந்த சீனை வெட்டியிருப்பாங்க, மூர்த்தி. ரெண்டரை மணி நேரத்துல எல்லாத்தையும் வைக்க முடியாது."

வெட்டுகிறவர்களையெல்லாம் வாழ்நாள் முழுக்கத் திட்டின வாய் அது. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

சனிக்கிழமை போனோம். தியேட்டரில் முப்பது பேர் இருந்தால் அதிகம். தீக்ஷா நடுவில், இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். படம் எடுத்தவன் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எடுத்திருக்கிறான். நாசமாய்ப் போகிறவன், ஒன்றையும் விடவில்லை. குவார்ட்டர்ஸ் கதவின் பச்சை பெயின்ட் முதற்கொண்டு அப்படியே. அடுத்து வரப்போகிற வசனத்தைத் தீக்ஷா முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். இடைவேளை என்று போட்டு, இந்த ஊர் வழக்கப்படி நிறுத்தாமல் படம் தொடர்ந்தது. பாசஞ்சர் வண்டி வந்து நின்றது. அதிலிருந்து ஒரு பெண் கையில் பையோடு இறங்கினாள்.

தீக்ஷாவின் முணுமுணுப்பு நின்றுவிட்டது. பச்சைக் கதவு பாதி திறந்தது. குழந்தை தூங்குறா, நீ போ. பிறகு கேமரா உள்ளே போயிற்று. கட்டிலில் குழந்தை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. கண் இரண்டும் திறந்திருந்தது.

பாப்கார்ன் டப்பாவுக்குள் போன தீக்ஷாவின் கை அப்படியே இருந்தது. நான் அவளைத் தாண்டி அவனைப் பார்த்தேன். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பயமாகக்கூட இல்லை, ஒன்றுமே தோன்றவில்லை. மீதிப் படத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

விளக்கைப் போட்டார்கள். அவன் வாயைத் திறக்கவில்லை.

ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு கடையில் போய் உட்கார்ந்து மூன்று டீ சொன்னோம். டீ வந்ததும் தீக்ஷா, அந்த அம்மா திரும்பி வருகிற இடம் புத்தகத்தில் கிடையாது, இல்லையா என்று இங்கிலீஷில் கேட்டாள். சுவாமிநாதன் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே தலையை ஒரு மாதிரி ஆட்டினான். எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், அப்படி ஓர் ஆட்டல். சினிமாக்காரர்கள் அழ வைப்பதற்காக எதையாவது சேர்ப்பார்கள் என்று அவளே சொல்லிக்கொண்டாள். முடிந்தது, தப்பித்துவிட்டான் என்று நினைத்தேன். நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. வேறு பேச்சை எடுக்கலாம் என்று பாஸ்டன் வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவள் காதில் வாங்கவில்லை. படத்திலேயே தனக்குப் பிடித்தது அந்தக் குழந்தை கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்த இடம்தான், அது நிஜம் மாதிரி இருந்தது என்றாள்.

சுவாமிநாதன் ஸ்பூனைக் கீழே வைத்தான்.

"அது தப்பு. புக்ல இப்படி இல்ல. புக்ல குழந்தை நல்லாத் தூங்கிட்டிருக்கும். அது தூங்கினாத்தான் அந்த அத்தியாயமே. இவங்க மாத்திட்டாங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்தது. படுபாவி, நாக்கைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரே ஒரு நிமிஷம் சும்மா இருந்திருக்கக் கூடாதா? கூடாது. தப்பைப் பார்த்தால் அவனால் சும்மா இருக்க முடியாது. இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிறேனே.

தீக்ஷா தமிழில் கேட்டாள். அவள் தமிழில் கேள்வி கேட்டு எத்தனையோ வருஷம் இருக்கும்.

"அப்போ அம்மா வர்றது புக்ல இருக்கா?"

"இருக்கு."

"எனக்குப் படிச்சுக் காட்டல."

"காட்டல."

பின்னால் யாரோ ஜிலேபி பார்சல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. ஜலஜா அன்றைக்கு வாசலில் பேசினது இதே குரலில்தான்.

"நான் அன்னைக்குத் தூங்கல, அப்பா. காய்ச்சல்ல வந்த கனவுன்னு நெனச்சேன். இவ்ளோ வருஷமா கனவுன்னுதான் நெனச்சேன்."

அவன் மேஜை மேல் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"உங்க குரலும் கேட்டுது, அங்கிள். இன்னொரு நாள் பாத்துக்கலாம்னு சொன்னீங்க."

ஆமாம் என்றேன். அம்மா நம்பர் இருக்கிறதா என்று கேட்டாள். இதற்கு மேல் எதை மறைத்து என்ன? போனை எடுத்து, திருச்சி என்று மட்டும் பெயர் போட்டு வைத்திருந்ததைத் தேடி எடுத்தேன். அவள் தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் ஒவ்வோர் எண்ணாகச் சொல்ல ஆரம்பித்தேன். நான்காவதோ ஐந்தாவதோ எண்ணில் சுவாமிநாதன் குறுக்கிட்டான்.

"அது பழைய நம்பர், மூர்த்தி. மாத்தி ரெண்டு வருஷம் ஆச்சு. காலேஜ் வெப்சைட்ல புதுசு இருக்கு."

பிறகு டீயைப் பார்த்துக்கொண்டே, போனையோ பேப்பரையோ எடுக்காமல், பத்து எண்ணையும் மனப்பாடமாகச் சொன்னான். சரியாக எழுதிக்கொண்டாயா என்று கேட்டு, இன்னொரு தடவையும் சொன்னான்.